ஓபரா பாடகிக்கு சென்ட் வியாபாரம் எதற்கு?

கேள்வி இது: "ரெனே ஃப்ளெமிங் என்ற அமெரிக்க ஓபரா பாடகி தன் பெயரில் சென்ட் வெளியிட்டாராமே, உண்மையா? சினிமா நடிகைகள் செய்வது புரிகிறது. இவ்வளவு பெரிய பாடகிக்கு இந்த வேலை எதற்கு? அவரே தயாரித்தாரா? பணத்துக்காகத்தானா?"

உண்மைதான். 2008-இல் வந்தது, பெயர் 'லா வோச்சே'. தயாரித்தது கோட்டி நிறுவனம். விற்று வந்த வருமானம் நியூயார்க்கில் உள்ள மெட்ரோபாலிடன் ஓபரா என்ற இசை நாடக நிறுவனத்துக்குப் போனது. இதோடு நிறுத்திக்கொள்ளலாம்தான். ஆனால் சென்ட் விற்பது நடிகைகளின் வழக்கம், ஓபராக்காரர்கள் பிற்பாடு அதைப் பார்த்துச் செய்தார்கள் என்று நீங்கள் நினைப்பதுபோலத் தெரிகிறது. நடந்தது தலைகீழ். சினிமா இன்னும் வாய் பேசாமல் இருந்த நாட்களிலேயே ஓர் ஓபரா பாடகியின் பெயரில் பாரிஸில் சென்ட் தயாராகி, அமெரிக்கக் கடைகளில் விற்றுக்கொண்டிருந்தது. இந்த வியாபாரத்தில் நடிகைகளுக்கு வழிகாட்டியவர்களே பாடகிகள்தான்.

முதலில் ஃப்ளெமிங். 1959-இல் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தவர். அப்பா, அம்மா இருவரும் இசை ஆசிரியர்கள். ரோசெஸ்டர் நகரில் வளர்ந்து, ஈஸ்ட்மன், ஜூலியார்ட் என்ற இசைப் பள்ளிகள் இரண்டிலும் படித்து, 1991-இல் மோட்சார்ட்டின் 'ஃபிகாரோவின் திருமணம்' ஓபராவில் கோமகளாக மெட்டில் முதன்முதலாகப் பாடினார். (மெட்ரோபாலிடன் ஓபராவை எல்லோரும் மெட் என்றுதான் சொல்வார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன்.) சோப்ரானோ, அதாவது பெண் குரல்களில் மேல் ஸ்தாயி. பளபளப்பும் செழுமையும் சேர்ந்த குரல். விமர்சகர்களில் சிலர் அவர் சொற்களை இழைத்து இழைத்துப் பாடுகிறார் என்று குறைப்பட்டதுண்டு, ரசிகர்கள் அதற்காகவே உருகினார்கள். ஓபரா பக்கம் தலைவைத்தும் படுக்காத அமெரிக்கர்களுக்கும் அவரைத் தெரியும்: 2014-இல் சூப்பர் பவுல் என்ற அமெரிக்கக் கால்பந்து இறுதி ஆட்டத்தில் தேசிய கீதம் பாட ஓர் ஓபரா பாடகியை அழைத்தது அதுவே முதல் முறை.

சென்ட் வருவதற்கு முன்பே அவர் பெயர் பல பொருள்களில் ஏறியிருந்தது. சமையல் கலைஞர் டானியல் பூலூ 1999-இல் 'லா திவா ரெனே' என்று ஓர் இனிப்பு உருவாக்கினார். ஒரு ஐரிஸ் பூ வகைக்கு அவர் பெயர் வைத்தார்கள். ரோலக்ஸ் விளம்பரங்களிலும் வந்தார். ஆக, சென்ட் திடீரென்று வானத்திலிருந்து குதிக்கவில்லை.

அது வந்த நேரத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 2008 செப்டம்பர் 22-ஆம் தேதி மெட்டின் 125-ஆவது ஆண்டுப் பருவத் தொடக்க இரவு. அந்த இரவு முழுவதையும் ஃப்ளெமிங் ஒருவரைச் சுற்றியே அமைத்தார்கள். 'லா டிராவியாட்டா'விலிருந்து ஓர் அங்கம், 'மனோன்' ஓபராவிலிருந்து ஓர் அங்கம், ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் 'கப்ரிச்சியோ'வின் இறுதிக் காட்சி. தனியொரு பெண் பாடகிக்கு இப்படி ஒரு தொடக்க இரவைக் கொடுத்தது மெட் வரலாற்றில் முதல் தடவை. உடை வடிவமைத்தவர்கள் யார் தெரியுமா? கிறிஸ்டியன் லக்ருவா, கார்ல் லாகர்ஃபெல்ட், ஜான் கலியானோ. மூவருமே பாரிஸ் ஃபேஷன் உலகின் முதல் வரிசை ஆட்கள், ஆளுக்கு ஒரு ஓபராவுக்கு. வெளியே டைம்ஸ் சதுக்கத்தில் பெரிய திரைகளில் நேரடி ஒளிபரப்பு. மெட்டின் பொது மேலாளராக 2006-இல் வந்த பீட்டர் கெல்ப், ஓபராவைத் திரையரங்குகளுக்கும் தெருவுக்கும் கொண்டுவந்து, ஃபேஷனோடும் கலந்துவிட வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தவர். அந்தக் கணக்கில் உடைக்கு லாகர்ஃபெல்ட் என்றால் வாசனைக்குக் கோட்டி.

ஆனால் அதற்குச் சரியாக ஒரு வாரம் முன்னால், செப்டம்பர் 15-ஆம் தேதி, லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய முதலீட்டு வங்கி திவால் மனு கொடுத்திருந்தது. நியூயார்க்கின் பணக்கார வட்டாரமே ஆடிப்போயிருந்த வாரத்தில் இந்த விழா. அமெரிக்காவில் ஓபரா நிறுவனங்கள் ஐரோப்பாவைப்போல் அரசு மானியத்தில் ஓடுவதில்லை. டிக்கெட் விற்பனையில் மெட்டின் செலவில் பாதிகூடத் தேறாது, மீதியில் பெரும்பகுதி நன்கொடையை நம்பித்தான். அடுத்த ஆண்டே நிலைமை முற்றி, மேல்மட்ட அதிகாரிகளின் சம்பளத்தைக் குறைத்தார்கள். முகப்புக் கூடத்தில் தொங்கும் மார்க் ஷகாலின் இரண்டு மாபெரும் ஓவியங்களைக் கடனுக்கு ஈடாக எழுதிக்கொடுக்கும் அளவுக்குப் போனது. அந்தப் பள்ளத்தை ஒரு சென்ட் பாட்டில் நிரப்பியிருக்கும் என்று யாரும் நினைக்கமாட்டார்கள். அது நிதி திரட்டல் என்பதைவிட, நன்கொடை தருகிறவர்களுக்கும் ரசிகர்களுக்கும் கையில் எடுத்துப்போக ஒரு நினைவுப்பொருள் என்பதே சரி என்று எனக்குப் படுகிறது.

அவரே தயாரித்தாரா என்று கேட்டிருந்தீர்கள். பிரபலங்களின் சென்ட் எதையும் அந்தப் பிரபலம் உட்கார்ந்து கலக்குவதில்லை. கோட்டி போன்ற நிறுவனம் பெயருக்கு உரிமம் வாங்கும். எந்த மாதிரி வாசனை, யார் வாங்குவார்கள், என்ன விலை என்று ஒரு குறிப்பு எழுதும். அந்தக் குறிப்பு ஷிவோடான், ஐ.எஃப்.எஃப். போன்ற நறுமண நிறுவனங்களுக்குப் போகும். அங்கே சம்பளத்துக்கு வேலை செய்யும் பெர்ஃப்யூமர்கள் போட்டி போட்டு மாதிரிகள் செய்து அனுப்புவார்கள். பெரும்பாலும் அவர்கள் பெயர் பாட்டிலில் இருக்காது. பிரபலம் செய்வது முகர்ந்து பார்த்து, இது அதிக இனிப்பு, இது பாட்டி வீட்டு பவுடர் மாதிரி இருக்கிறது, இது சரி என்று சொல்வது. சிலர் இதில் அக்கறையாக மாதக்கணக்கில் ஈடுபடுவார்கள், சிலர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். பிறகு படப்பிடிப்பு, பாட்டில், பெட்டி.

கோட்டியைத் தேர்ந்தெடுத்ததும் தற்செயல் அல்ல. 1904-இல் பிரான்சுவா கோட்டி தொடங்கிய பிரெஞ்சுக் கடை அது. ஒரு பெரிய அங்காடி அவருடைய ரோஜா சென்ட்டை விற்க மறுத்ததாகவும், அங்கேயே ஒரு பாட்டிலைத் தரையில் போட்டு உடைத்ததாகவும், வாசனையைப் பிடித்துக்கொண்டு பெண்கள் வந்து மொய்த்ததாகவும் ஒரு கதை உண்டு. கதையில் எவ்வளவு உண்மையோ, வியாபாரி எப்படிப்பட்டவர் என்பதை அது சரியாகச் சொல்கிறது. நூறு ஆண்டுகளில் அந்த நிறுவனம் பிரபலங்களின் சென்ட்டுக்கே தொழிற்சாலை ஆகிவிட்டது. 2002-இல் ஜெனிஃபர் லோபஸ், அடுத்து செலின் தியோன், 2005-இல் சாரா ஜெசிகா பார்க்கர் எல்லாமே கோட்டி. லோபஸின் பாட்டில் பெருங்கடைகளில் அடுக்கி விற்கிற சரக்கு. ஃப்ளெமிங்கினுடையது அப்படி அல்ல, மெட்டின் கொடையாளர்களையும் ரசிகர்களையும் மனதில் வைத்துச் செய்த சிறு முயற்சி.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பாடுகிறவர்களுக்கும் சென்ட்டுக்கும் உள்ளூர ஆகாது. பல பாடற்குழுக்களில், ஒத்திகைக்கு வரும்போது சென்ட் போடாதீர்கள் என்று எழுதியே வைத்திருப்பார்கள். கடுமையான நறுமணம் சிலருக்கு இருமலையோ குரல்வளை இறுக்கத்தையோ கிளப்பிவிடும், ஆஸ்துமா இருந்தால் கேட்கவே வேண்டாம். காதல் டூயட்டில் கட்டிப்பிடித்துக்கொண்டு உச்ச ஸ்வரம் பாட வேண்டிய நேரத்தில் எதிராளியின் கழுத்திலிருந்து மல்லிகையும் கஸ்தூரியும் சேர்ந்து மூக்கில் ஏறினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஒப்பனை அறைக்கு ரசிகர்கள் அனுப்பும் லில்லிப் பூங்கொத்துகளைக்கூட வெளியே வைக்கச் சொல்லும் பாடகர்கள் உண்டு. அதாவது ஓபரா பாடகியின் சென்ட், அந்தப் பாடகி வேலை நேரத்தில் போட்டுக்கொள்ளக் கூடாத பொருள்.

அதே சமயம், ஓபராவுக்குள் வாசனை எங்கும் இருக்கிறது. 'கார்மென்'னில் டான் ஹோஸே சிறையில் இருந்து வந்து பாடும் புகழ்பெற்ற பாட்டு, அவள் வீசிய பூவைப் பற்றியது. பூ வாடிக் காய்ந்துவிட்டது, வாசனை போகவில்லை, இரவெல்லாம் அதை முகர்ந்துகொண்டு கிடந்தேன் என்கிறான். எனக்கு மிகப் பிடித்தது ஸ்ட்ராஸின் 'டெர் ரோசன்காவாலியர்'. 1911-இல் டிரெஸ்டனில் அரங்கேறியது. அதன் இரண்டாம் அங்கத்தில், மணமகன் சார்பாக ஓர் இளைஞன் வெள்ளியில் செய்த ரோஜாவை மணப்பெண் சோஃபியிடம் கொண்டுவந்து கொடுக்கிறான். அவள் முகர்ந்து பார்த்து, உயிருள்ள ரோஜாவின் மணம் வருகிறதே என்கிறாள். பாரசீக ரோஜா அத்தர் ஒரு துளி விட்டிருக்கிறது என்கிறான் அவன். அந்த இடத்தில் புல்லாங்குழல்கள், ஹார்ப், செலஸ்டா, தனி வயலின்கள் எல்லாம் சேர்ந்து மேலே மினுங்கும் சில ஸ்வரக்கூட்டங்களை ஸ்ட்ராஸ் வைத்திருக்கிறார். கீழே இருக்கும் ராகத்தோடு அவை முழுசாக ஒட்டாமல் மிதக்கும். உலோகப் பூவில் இருந்து வரும் பொய்யான மணம், ஆனால் அதை முகரும் இரண்டு இளசுகளுக்கும் காதல் அந்த நொடியில்தான் பற்றிக்கொள்கிறது. வாசனையை இசையில் எழுத முடியுமா என்று யாராவது கேட்டால் இந்த ஐந்து நிமிடத்தைப் போட்டுக் காட்டுவேன். ஃப்ளெமிங்கின் அடையாள வேடங்களில் ஒன்று இதே ஓபராவில் வரும் 'மார்ஷலின்' என்ற சீமாட்டி. 2017-இல் அந்த வேடத்துக்கு விடைகொடுத்தார்.

சரி, பழைய கதைக்கு வருவோம். பாடகியின் பெயரைப் பொருளில் ஒட்டி விற்பது 19-ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது, ஆனால் முதலில் பாடகியைக் கேட்காமலேயே. ஸ்வீடன் சோப்ரானோ ஜென்னி லிண்ட் 1850 செப்டம்பரில் நியூயார்க் வந்து இறங்கினார். அழைத்து வந்தவர் சர்க்கஸ் புகழ் பி.டி. பார்னம், ஒப்பந்தம் கச்சேரிக்கு 1,000 டாலர் வீதம் 150 கச்சேரி. ஊர் முழுக்க ஜென்னி லிண்ட் கையுறை, ஜென்னி லிண்ட் தொப்பி, சால்வை, நாற்காலி, சோஃபா, பியானோ. இன்றும் அமெரிக்காவில் கடைசல் கம்பி வைத்த குழந்தைக் கட்டிலுக்கு ஜென்னி லிண்ட் கட்டில் என்றுதான் பெயர். அவரோ தன் வருமானத்தில் பெரும்பகுதியை ஸ்வீடனில் பள்ளிகளுக்கும் தர்மங்களுக்கும் கொடுத்தவர்.

அடுத்த தலைமுறை அவ்வளவு அப்பாவி இல்லை. அடெலினா பட்டி தன் காலத்தின் மிக அதிகச் சம்பளம் வாங்கிய பாடகி. அமெரிக்காவில் ஒரு நாள் நிகழ்ச்சிக்கு 5,000 டாலர், அதுவும் மேடை ஏறுவதற்கு முன்னால் கையில் வர வேண்டும். அவருடைய நிகழ்ச்சிகளை நடத்திய மேப்பிள்சன் ஒரு நாள் 4,000 மட்டும் புரட்டிக் கொடுத்தாராம். பட்டி முழு வேஷமும் போட்டுக் காலணி மட்டும் மாட்டாமல் உட்கார்ந்திருந்தார், இன்னும் கொஞ்சம் வந்ததும் ஒரே ஒரு காலணி, மீதி வந்ததும்தான் மற்ற காலணி. மேப்பிள்சனே தன் நினைவுக்குறிப்பில் எழுதியது இது. கூட்டிக்குறைத்துச் சொல்வதில் கைதேர்ந்த மனிதர் அவர், அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பட்டிதான் பியர்ஸ் சோப்பு விளம்பரத்தில் வந்தார், கைக்கும் முகத்துக்கும் இதற்கு இணையில்லை என்கிற சான்றிதழோடு. நம் வீடுகளில் இன்றும் இருக்கும் அதே பியர்ஸ். அந்த நிறுவனத்தின் தாமஸ் பாரட் என்பவர்தான் பிரபலங்களை வைத்து விளம்பரம் செய்யும் உத்தியைப் பெரிய அளவில் கொண்டுவந்தவர். நடிகை லில்லி லாங்ட்ரியும் அவருக்காகச் சோப்பைப் புகழ்ந்தார்.

லினா கவாலியெரி இன்னும் ஒரு படி மேலே போனார். இத்தாலியின் ஏழைக் குடும்பத்தில் 1874-இல் பிறந்து, மதுவிடுதிகளில் பாடி, பாரிஸின் ஃபோலி பெர்ஜேர் கேளிக்கை அரங்கு வரை போய், 1900-இல் லிஸ்பனில் ஓபராவுக்குள் நுழைந்தவர். உலகின் மிக அழகான பெண் என்று பட்டம். 1906-இல் மெட்டில் புகழ்பெற்ற பாடகர் கரூசோவோடு 'ஃபெடோரா' பாடும்போது மேடையில் நிஜமாகவே முத்தம் கொடுத்துவிட்டதால் முத்தக்கார பிரைமடோனா (முதன்மைப் பாடகி) என்று பத்திரிகைகள் எழுதின. குரல் சுமார் என்பதில் அவரை விரும்பியவர்களுக்கும் மாற்றுக்கருத்து இல்லை. அதனால்தானோ என்னவோ, குரலை நம்பாமல் முகத்தை நம்பினார். 1914-இல் அழகுக் குறிப்புப் புத்தகம், மேடையை விட்ட பிறகு பாரிஸில் சொந்த அழகு நிலையம். 1944-இல் ஃபுளோரன்ஸ் பக்கம் நடந்த நேச நாட்டு விமானக் குண்டுவீச்சில் இறந்தார். பீங்கான் தட்டுகளில் ஒரே பெண் முகத்தை 350-க்கும் மேற்பட்ட விதமாக வரைந்த இத்தாலிய வடிவமைப்பாளர் ஃபோர்னசெத்தியின் வேலையைப் பார்த்திருக்கிறீர்களா? அந்த முகம் இவருடையதுதான்.

ஆனால் உங்கள் கேள்விக்கு நேர் மூதாதை என்று ஒருவரைக் காட்டச் சொன்னால் மேரி கார்டனைத்தான் காட்டுவேன்.

1874-இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் பிறந்து, சிறு வயதில் அமெரிக்கா போய், பாட்டுப் படிக்கப் பாரிஸ் வந்த பெண். படிப்புச் செலவைப் பார்த்துக்கொண்டவர்கள் திடீரென்று பணத்தை நிறுத்திவிட்டார்கள். சிபில் சாண்டர்சன் என்ற அமெரிக்க சோப்ரானோ கைகொடுத்தார், ஓபெரா கோமிக் அரங்கின் இயக்குநர் ஆல்பெர் காரேவிடம் அறிமுகமும் செய்துவைத்தார். 1900 ஏப்ரலில் ஒரு இரவு, ஷார்பாந்தியேயின் 'லூயிஸ்' நடந்துகொண்டிருந்தபோது கதாநாயகிக்கு உடம்பு முடியாமல் போக, பார்வையாளர்களில் இருந்த மேரி கார்டனை மூன்றாம் அங்கத்தில் மேடையேற்றினார்கள். காலையில் அவர் பிரபலம். இரண்டே ஆண்டில், 1902-இல், டெபுஸியின் 'பெலியாஸும் மெலிஸாந்தும்' அரங்கேறியபோது மெலிஸாந்த் அவர்தான். நாடகத்தை எழுதிய மேட்டர்லிங்குக்குத் தன் துணைவியைத்தான் அந்த வேடத்தில் பார்க்க ஆசை. அது நடக்கவில்லை என்றதும் டெபுஸியைக் கைத்தடியால் அடிக்கவே போய்விட்டார்.

1907-இல் ஆஸ்கார் ஹாமர்ஸ்டைன் அவரை நியூயார்க்குக்கு அழைத்து வந்தார், மெட்டுக்குப் போட்டியாக நடத்திய மன்ஹாட்டன் ஓபரா ஹவுஸுக்கு. 1909-இல் அங்கே ஸ்ட்ராஸின் 'சலோமி'. அதில் கதாநாயகி போர்த்திய ஏழு திரைகளை ஒவ்வொன்றாகக் களைந்து ஆடும் நடனத்துக்குப் பாடகிக்குப் பதிலாக வேறு ஒரு நடனக்காரியை விடுவதுதான் அப்போதைய பழக்கம். மேரி கார்டன் தானே ஆடினார். 1910-இல் சிகாகோவில் அதே ஓபரா. போலீஸ் தலைவர் வந்து பார்த்துவிட்டு, பூனைப்புதினாவில் புரளும் பூனை மாதிரி இருந்தது என்று பத்திரிகைக்காரர்களிடம் பொரிந்து தள்ளினார். இரண்டு நிகழ்ச்சிகளோடு நிறுத்தப்பட்டது. நாடு முழுக்க அவர் பெயர் தெரியாத வீடு இல்லை என்று ஆனது.

கிட்டத்தட்ட அதே காலத்தில்தான் பாரிஸின் ரிகோ என்ற நறுமண நிறுவனம் 'மேரி கார்டன்' சென்ட்டை வெளியிட்டது. சென்ட் மட்டுமா? முகப் பவுடர், டால்க், சோப்பு, கிரீம், துணிப்பெட்டியில் வைக்கும் வாசனைப் பை என்று முழு வரிசை. 1910-களின் அமெரிக்கப் பத்திரிகைகளில் அதன் விளம்பரங்கள் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். ரிகோ போட்ட கணக்கு எளிமையானது என்பது என் ஊகம். அமெரிக்கப் பெண்களுக்குப் பிரெஞ்சு சென்ட் என்றால் மதிப்பு, ஆனால் பிரெஞ்சுப் பெயர்கள் வாயில் நுழையாது. மேரி கார்டன் என்பது எந்தச் சிற்றூர்க் கடையிலும் கூச்சமில்லாமல் கேட்டு வாங்கக்கூடிய பெயர், அதோடு பாரிஸ் மினுக்கும் சலோமியின் லேசான தகாத வாடையும் சேர்ந்து வருகிறது. அயோவா மாநிலத்தில் ஒரு வங்கி எழுத்தரின் மனைவி அவர் பாடுவதைக் கேட்டிருக்கவே மாட்டாள். பத்திரிகையில் படித்திருப்பாள், பவுடர் டப்பா வாங்கியிருப்பாள். பெரிய ஊர் எதற்கும் போகாதவர்களுக்கு மேரி கார்டன் என்பது முதலில் ஒரு வாசனை.

அதுதான் இந்த வியாபாரத்தின் நுணுக்கம். விற்கப்படுவது குரல் அல்ல, குரலைச் சுற்றி எழும்பிய பேச்சு. இதை மேரி கார்டன் நன்றாகப் புரிந்துகொண்டவர். 1917-இல் 'தாயிஸ்' என்ற மௌனப் படத்தில் நடித்தார், எடுபடவில்லை. 1921-இல் சிகாகோ ஓபராவின் இயக்குநர் ஆனார், 'டைரெக்டா' என்று தனக்கே ஒரு பதவிப் பெயர் சூட்டிக்கொண்டு. ஒரே பருவம். புரோகோஃபியேவின் 'மூன்று ஆரஞ்சுகள் மேல் காதல்' உலகில் முதன்முதலாக மேடையேறியது அந்தப் பருவத்தில்தான், 1921 டிசம்பர் 30. கணக்கை முடித்தபோது சுமார் 10 லட்சம் டாலர் துண்டு விழுந்திருந்தது. 1967-இல் சொந்த நாடான ஸ்காட்லாந்தில் இறந்தார். அதற்குள் அவர் பெயர் கொண்ட சென்ட்டைப் போட்டுக்கொண்ட தலைமுறையே போய்விட்டிருந்தது.

அப்புறம் வந்தவை உங்களுக்குத் தெரிந்த கதை. சினிமா வந்து ஓபராவை ஓரம் கட்டியது, சென்ட் பாட்டிலிலும் அதே. 1981-இல் கோட்டி சோஃபியா லோரன் பெயரில் 'சோஃபியா' வெளியிட்டது. 1991-இல் எலிசபெத் டெய்லரின் 'வைட் டைமண்ட்ஸ்' வந்து விற்பனையில் எல்லாவற்றையும் தூக்கி அடித்தது. ஓபரா ஆட்களில் 1990-களின் நடுவில் இத்தாலிய டெனர் (ஆண் குரல்களில் மேல் ஸ்தாயி) பவரொட்டி பெயரில் ஆண்களுக்கான சென்ட் வந்தது. 1990-இல் ரோமில் மூன்று டெனர்கள் கச்சேரிக்குப் பிறகு அவர் பெயரில் எதை விட்டாலும் விற்றிருக்கும்.

இந்த வரிசையில் நம் ஊர் ஆட்களுக்கு நெருக்கமான ஒன்று இருக்கிறது, ஆனால் அது பாடகியின் பெயர் அல்ல, ஓபராவின் பெயர். லியோ டெலிப் எழுதிய 'லாக்மே' 1883-இல் பாரிஸில் அரங்கேறியது. ஆங்கிலேயர் கால இந்தியாவில், ஒரு பிராமணப் பூசாரியின் மகளுக்கும் ஆங்கிலேய அதிகாரிக்கும் காதல், கடைசியில் அவள் ஊமத்தை தின்று சாகிறாள். லாக்மேயும் தோழியும் பூப்பறிக்கப் போகும்போது பாடும் டூயட்டை, விமான நிறுவன விளம்பரத்தில் வந்ததால், ஓபரா தெரியாதவர்களும் கேட்டிருப்பீர்கள். பாட்டே மல்லிகையையும் ரோஜாவையும் பற்றியது, தோழியின் பெயர் மல்லிகா. 1952-இல் டாடா எண்ணெய் ஆலை நிறுவனம் உள்நாட்டிலேயே அழகுசாதனம் செய்ய முன்வந்தபோது கைகோத்தவை ராபர்ட் பிகே, ரெனுவார் என்ற இரண்டு பிரெஞ்சு நிறுவனங்கள். பிகே என்றால் சாதாரண ஆள் இல்லை, நிலச்சம்பங்கி மணத்துக்குப் பேர்போன 'ஃப்ராகா' சென்ட் அவர்களுடையது. லட்சுமி என்ற பெயரைப் பிரெஞ்சுக்காரர்கள் ஓபரா மேடையில் லாக்மே ஆக்கி, அது லக்மே லிப்ஸ்டிக்காக நம் ஊர்க் கடைகளுக்குத் திரும்பி வந்தது.

இனி கடைசிக் கேள்வி, பணத்துக்காகத்தானா? ஃப்ளெமிங் விஷயத்தில், வருமானம் மெட்டுக்கு என்று ஆரம்பத்திலேயே அறிவித்துவிட்டார்கள். ஆனால் அதை முழுத் தியாகம் என்றும் நான் எழுதமாட்டேன். பெயர் பரவுவதில் பாடகிக்கு ஆதாயம், உயர்வகைப் பண்பாட்டின் பக்கத்தில் நிற்பதில் கோட்டிக்கு ஆதாயம், விழாவுக்குக் கூடுதல் பேச்சு கிடைப்பதில் மெட்டுக்கு ஆதாயம். யாரும் ஏமாறவில்லை. கலைக்கு இழுக்கு என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. அவர்கள் பட்டியின் ஒற்றைக் காலணியை மறந்துவிட்டார்கள். என் புகார் வேறு: மேரி கார்டன் பாட்டிலில் இருந்த துணிச்சல் இதில் இல்லை. அது சலோமியின் வாசனை, கடைக்காரரும் வாங்குபவரும் அதைத் தெரிந்தே கைமாற்றிக்கொண்டார்கள். 'லா வோச்சே' ஒரு நல்ல காரியத்துக்கான நாகரிகமான பாட்டில், அவ்வளவுதான்.

வாங்கிப் பார்க்கலாமா என்று கேட்பீர்கள். கடையில் புதிதாகக் கிடைக்காது, பழைய பாட்டில் விற்பவர்களிடம் எப்போதாவது தலைகாட்டும். வாங்கினாலும் 2008-இல் இருந்த வாசனை அப்படியே இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். வெளிச்சமும் வெப்பமும் பட்டால் முதலில் கெடுவது எலுமிச்சை வகை போன்ற மேல்வாசனைதான், அடியில் இருக்கும் மரம், பிசின், கஸ்தூரி வகைகள் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். மேரி கார்டன் பாட்டில்களும் டால்க் டப்பாக்களும் பழம்பொருள் விற்பனையில் வருவதுண்டு, அவற்றை அலமாரியில் வைக்கத்தான் வாங்குகிறார்கள். குரல்களுக்கு அந்தக் கவலை இல்லை. ஃப்ளெமிங்கைக் கேட்க ட்வோர்ஷாக்கின் 'ருசால்கா'வில் வரும் நிலாப் பாட்டில் ஆரம்பியுங்கள், அவரை அவராக்கிய பாட்டு அது. மேரி கார்டனுக்கு 1904-இல் பாரிஸில் பதிவான நான்கு சிறு இசைத்தட்டுப் பக்கங்கள் உண்டு. கரகரப்பு அதிகம், ஆனால் பியானோ வாசிப்பது டெபுஸியே. ஒரு பக்கம் மெலிஸாந்தின் கூந்தல் பாட்டு, மற்ற மூன்றும் டெபுஸியின் தனிப் பாடல்கள். எல்லாமே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும்.